கறுப்பு வெள்ளைச் சட்டை யாருடையது?



சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு மகனை நாலு தடவை கூப்பிட்டும் அவன் தொலைக்காட்சிக்கு முன்னாலிருந்து எழும்பவில்லையா? அப்படியென்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். குளிர்காலத்தில் இங்கிலாந்தில் பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும் உதைபந்தாட்டம் நமக்கு இரவு எட்டரை மணி. ஆட்டம் முடிந்து தன் அணி தோற்றுவிட்டால் மகனுக்குச் சோறும் இறங்குவதில்லை. “எங்கேயோ இருக்கிற யாரோ பந்தடிப்பதற்கு உனக்கென்ன மகன் கவலை?” என்று கேட்டுப் பார்த்திருப்பீர்கள். சரியான பதில் கிடைத்திருக்காது.

அந்தக் கவலையை நாம் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். ஏனென்றால் நம் பிள்ளைகள் ஆட்டத்தை மட்டும் பார்ப்பதில்லை. அந்த ஆட்டக்காரர்கள் எப்படி நடக்கிறார்கள், அந்தக் கழகத்தின் முதலாளிகள் எப்படிப் பணம் பண்ணுகிறார்கள், சட்டையின் நெஞ்சில் யாருடைய பெயர் இருக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்கிறார்கள். இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள நியூகாசில் யுனைட்டட் என்ற கழகத்தின் கதை இதற்கு நல்ல உதாரணம். வீரர்களின் நடத்தையாலும் முதலாளிகளின் போக்காலும் இவ்வளவு மனம் நொந்த ரசிகர்கள் வேறெங்கும் இருப்பார்களா என்று கேட்கத் தோன்றும்.

ஒரு நகரம், ஒரு கழகம்

டைன் நதிக்கரையில் இருக்கும் நியூகாசில், ஒரு காலத்தில் நிலக்கரிக்கும் கப்பல் கட்டும் தொழிலுக்கும் பேர்போன நகரம். சுரங்கங்கள் மூடப்பட்டன. கப்பல் தளங்களும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மூடப்படாமல் நின்றது 1892இல் உருவான உதைபந்தாட்டக் கழகம் ஒன்றுதான். ‘சென் ஜேம்ஸ் பார்க்’ என்ற அதன் மைதானம் ஊருக்கு வெளியே இல்லை. நகரத்தின் நடுவில், மேட்டில் நிற்கிறது. 52,000 பேருக்கு மேல் உட்காரலாம். லண்டனிலும் மன்செஸ்டரிலும் லிவர்பூலிலும் பெரிய கழகங்கள் ஒன்றுக்கு மேல் உண்டு. நியூகாசிலுக்கு இது ஒன்றேதான். கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையை வாப்பாவிடமிருந்து மகனும், தாயிடமிருந்து மகளும் பாரம்பரியச் சொத்துப் போலப் பெற்றுக்கொள்கிறார்கள்.

இத்தனைக்கும் அவர்களுக்குக் கிடைத்த வெற்றி என்ன? 1955இல் எஃப். ஏ. கிண்ணம். 1969இல் ஐரோப்பிய நகரங்களுக்கிடையிலான ஒரு கிண்ணம். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பெரிய கிண்ணம் எதுவுமே இல்லை. ஆனாலும் மைதானம் நிறைந்தது.

இந்த விசுவாசத்தில்தான் சிக்கலும் இருக்கிறது. ஒரு கடையில் சாமான் சரியில்லையென்றால் அடுத்த கடைக்குப் போவோம். ஆனால் தன் கழகம் சரியில்லை என்பதற்காக எந்த ரசிகனும் அடுத்த கழகத்துக்குப் போவதில்லை. அவன் போகமாட்டான் என்பது முதலாளிக்கும் தெரியும்.

பெண்களை ஏளனம் செய்த பணிப்பாளர்கள்

1998ஆம் ஆண்டு மார்ச் மாதம். கழகத்தின் பெரும்பான்மைப் பங்குகளை வைத்திருந்த குடும்பங்களைச் சேர்ந்த டக்ளஸ் ஹோல், பிரெடி ஷெப்பர்ட் என்ற இரண்டு பணிப்பாளர்கள் ஸ்பெயின் நாட்டில் உல்லாசப் பயணத்தில் இருந்தார்கள். பணக்கார அரபியராக வேடமிட்டு வந்த ஒரு பத்திரிகையாளரிடம் வாயைத் திறந்து கொட்டிவிட்டார்கள். நியூகாசில் பெண்களை நாய்கள் என்றார்கள். சில பவுண் செலவில் ஆசியாவில் தைத்த சட்டையை அதைப்போல் பத்து மடங்கு விலைக்கு வாங்கும் தங்கள் ரசிகர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். அத்தனையும் ஞாயிறு பத்திரிகையில் வந்துவிட்டது.

எண்ணிப் பாருங்கள். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்துப் பிள்ளையின் பிறந்த நாளுக்குக் கழகத்தின் சட்டை வாங்கிக் கொடுத்தவள் அந்த ஊர்த் தாய். அவளையும் ஏசி, அவள் வாங்கிய சட்டையையும் கேலி செய்தவர்கள் அந்தக் காசிலேயே உல்லாசம் கண்டவர்கள். எதிர்ப்பு தாங்காமல் இருவரும் பதவி விலகினார்கள். ஆனால் பங்குகள் அவர்கள் கையில்தானே இருந்தன? சில மாதங்களிலேயே திரும்பி வந்து அதே நாற்காலியில் அமர்ந்துகொண்டார்கள். ரசிகனின் கோபத்துக்கு எவ்வளவு பலம், பங்குப் பத்திரத்துக்கு எவ்வளவு பலம் என்பதை அந்த ஊர் அன்றே கண்டுகொண்டது.

ஒரே அணிக்குள் அடிதடி

2005ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் திகதி, சொந்த மைதானத்தில் அஸ்டன் வில்லா அணிக்கு எதிராக 3–0 எனத் தோற்றுக்கொண்டிருந்தபோது லீ போயர், கீரன் டயர் என்ற நியூகாசில் வீரர்கள் இருவரும் ஒருவரையொருவர் அடிக்கத் தொடங்கினார்கள். எதிரணியோடு அல்ல, தங்களுக்குள்ளேயே! அவர்களை விலக்கிவிட எதிரணி வீரர் ஓடி வர வேண்டியதாயிற்று. மத்தியஸ்தர் இருவரையும் வெளியேற்றினார். முன்பே இன்னொருவர் வெளியேற்றப்பட்டிருந்ததால் எட்டுப் பேரோடு ஆட்டத்தை முடித்தது அணி. போயருக்குக் கழகம் ஆறு வாரச் சம்பளத்தைத் தண்டமாக விதித்தது. பிறகு நீதிமன்றத்திலும் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார்.

2008 மே மாதத்தில் இன்னொரு வீரரான ஜோயி பார்ட்டன், லிவர்பூல் நகர வீதியில் ஆட்களைத் தாக்கிய குற்றத்துக்காக ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். முந்திய கழகத்தில் சக வீரரைத் தாக்கிய வழக்கிலும் அதே ஆண்டு ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை அவருக்குக் கிடைத்தது. சிறையிலிருந்து வெளியே வந்ததும் கழகம் அவரைத் திரும்பவும் விளையாட விட்டது.

இப்படியான நேரத்தில் ரசிகனின் மனம் இரண்டாகப் பிளக்கிறது. அந்த வீரன் கோல் போட்டால் கைதட்டுவதா? அவனுடைய பெயரை முதுகில் அச்சிட்ட சட்டையைப் பிள்ளைக்குப் போட்டுவிடுவதா? அங்குள்ள வீடுகளில் எழுந்த கேள்வி இது. நம் வீடுகளிலும் வேறு பெயர்களோடு எழத்தான் செய்கிறது.

புதிய முதலாளி வந்தார்

2007இல் விளையாட்டுப் பொருட்கள் விற்கும் பெரும் வியாபாரியான மைக் ஆஷ்லி கழகத்தை வாங்கினார். செலவு சுமார் 134 மில்லியன் பவுண். ஆரம்பத்தில் கறுப்பு வெள்ளைச் சட்டை அணிந்து ரசிகர்களோடு ரசிகராக உட்கார்ந்தார். ஊர் அவரை அணைத்துக்கொண்டது. அந்த அன்பு ஒரு வருடம்தான் நீடித்தது.

ரசிகர்களின் கண்மணியான கெவின் கீகன் 2008 ஜனவரியில் முகாமையாளராக அழைத்து வரப்பட்டு, செப்டெம்பரிலேயே விலகினார். எந்த வீரரை வாங்குவது என்ற இறுதி முடிவு அவருடையது என்று வெளியில் சொல்லப்பட்டது. உள்ளே நடந்தது வேறு. ஒரு வீரரைப் பற்றி அறிய ‘யூடியூப்’ படங்களைப் பாருங்கள் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. 2009இல் நடுவர் மன்றம் கீகனின் பக்கமே தீர்ப்பளித்து, அவருக்கு இரண்டு மில்லியன் பவுண் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. பத்திரிகைகளுக்கும் ரசிகர்களுக்கும் உண்மைக்குப் புறம்பானவற்றைச் சொன்னதைக் கழகமே அந்த விசாரணையில் ஏற்றுக்கொண்டது.

2009இல் அணி இரண்டாந்தரப் பிரிவுக்கு இறங்கியது. ஏறி வந்து 2016இல் மறுபடியும் இறங்கியது. இடையில் 2011இல், நூறு வருடங்களுக்கு மேலாக வழங்கிவந்த மைதானத்தின் பெயரை நீக்கி, தன் கடையின் பெயரைச் சூட்டினார் ஆஷ்லி. சொந்த வீட்டின் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு அடுத்தவன் தன் பெயரை மாட்டினால் எப்படியிருக்கும்?

நீதியாகப் பேச வேண்டுமென்றால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆஷ்லி நூறு மில்லியன் பவுணுக்கு மேலான தொகையை வட்டியில்லாமல் கழகத்துக்குக் கடனாகக் கொடுத்திருந்தார். ரசிகர்களின் கோபமும் சில வேளை எல்லை மீறியது. தாக்கப்படலாம் என்று எச்சரிக்கப்பட்டிருப்பதால் தன் பிள்ளைகளை ஆட்டம் பார்க்கக் கூட்டிச்செல்ல முடியவில்லை என்று அவர் 2008இல் அறிக்கை விட்டார். முதலாளி செய்தது பிழையாக இருக்கலாம். அவருடைய பிள்ளைகள் என்ன செய்தார்கள்?

வட்டிக் கம்பனியின் சட்டை

கடனுக்கு வட்டி வாங்காத அதே ஆஷ்லிதான், 2012 ஒக்டோபரில் ‘வொங்கா’ என்ற வட்டிக் கம்பனியைக் கழகத்தின் அனுசரணையாளராகக் கொண்டு வந்தார். சம்பள நாள் வரை சமாளிக்கச் சிறு தொகையைக் கடன் கொடுப்பது இக்கம்பனியின் தொழில். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வட்டி 4,000 சதவீதத்துக்கும் மேல்! வேலையின்மை அதிகமான ஒரு பிரதேசத்தில், ஏழைகள் நேசிக்கும் சட்டையின் நெஞ்சில் அந்தப் பெயர் வந்தது. நகர சபைத் தலைவரே பகிரங்கமாகக் கண்டித்தார். மைதானத்தின் பழைய பெயரை மீட்டுத் தருவதும் இந்த ஒப்பந்தத்தின் ஓர் அங்கமாக இருந்ததுதான் வேடிக்கை. ஒரு கையால் பெயரைத் தந்து மறு கையால் நெஞ்சில் கறையைப் பூசினார்கள்.

அந்த அணியில் பப்பிஸ் சிஸே என்ற செனகல் நாட்டு முஸ்லிம் வீரர் இருந்தார். 2012இல் வந்த புதிதில் 14 லீக் ஆட்டங்களில் 13 கோல்கள் போட்டு ஊரையே மயக்கியவர். வட்டி மார்க்கத்தில் விலக்கப்பட்டது என்பதால் வொங்கா பெயர் பொறித்த சட்டையை அணிய முடியாது என்று 2013 கோடையில் அவர் சொன்னார். அணியோடு போர்த்துக்கல் பயிற்சிப் பயணத்துக்கும் போகவில்லை. உலகமெங்கும் முஸ்லிம் வீடுகளில் இது பேசப்பட்டது. கடைசியில் ஜூலை மாத இறுதியில் கழகத்தோடு பேசி உடன்பட்டு, மற்றவர்கள் அணியும் அதே சட்டையை அணிந்தார்.

அவரைக் குறை சொல்வது சுலபம். பல மில்லியன் பெறுமதியான ஒப்பந்தத்துக்கு முன்னால் ஒரு தனிமனிதன் எவ்வளவு தூரம் நிற்க முடியும் என்பதையும் நினைக்க வேண்டும். தென்னாபிரிக்க கிரிக்கெட் வீரர் ஹாஷிம் அம்லா, மதுபானக் கம்பனியின் சின்னமில்லாத சட்டையோடு விளையாட அவருடைய நாட்டுச் சபை இடம் கொடுத்தது. நிர்வாகம் மனம் வைத்தால் வழி உண்டு என்பதற்கு அது சான்று.

வொங்காவின் கதை என்னவாயிற்று? இல்லாத சட்டத்தரணிகளின் பெயரில் கடன்காரர்களுக்கு மிரட்டல் கடிதம் அனுப்பியது 2014இல் அம்பலமானது. 2015 தொடக்கம் இத்தகைய கடன்களுக்குச் சட்டம் உச்சவரம்பு விதித்தது. 2018 ஓகஸ்ட்டில் கம்பனி வீழ்ந்தது. சிஸேயின் மனம் உறுத்தியது காரணமில்லாமல் அல்ல என்று காலம் காட்டிவிட்டது.

நோயாளிக்கு நடந்தது

ஜோனாஸ் குட்டியெரெஸ் என்ற ஆர்ஜென்டீன வீரருக்கு 2013இல் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சை பெற்று, முடி கொட்டி, திரும்ப வளர்ந்து, 2015 மார்ச்சில் மைதானத்தில் கால் வைத்தபோது முழு அரங்கும் எழுந்து நின்றது. அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்தில் கோல் போட்டு, அணி கீழே இறங்காமல் காத்தவர்களில் அவரும் ஒருவர். சில நாட்களிலேயே, இனி ஒப்பந்தம் இல்லை என்று தொலைபேசியில் சொல்லப்பட்டது. நோயைக் காரணமாக வைத்துக் கழகம் அவருக்குப் பாகுபாடு காட்டியதாகத் தொழில் நியாய சபை 2016இல் தீர்ப்பளித்தது. வீரர்களின் தவறுகளைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம். வீரனுக்கு இழைக்கப்படும் அநியாயமும் உண்டு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ரசிகர்கள் கையில் இருந்த ஆயுதம்

ரசிகர்கள் என்ன செய்தார்கள்? 2014 மே மாதத்தில் கார்டிப் அணியுடனான ஆட்டத்தில், 69ஆவது நிமிடத்தில் பலர் எழுந்து வெளியே நடந்தார்கள். கடைசியாகக் கிண்ணம் வென்ற 1969ஐ நினைவூட்டும் நிமிடம் அது. 2015 ஏப்ரலில் டொட்டன்ஹாமுடன் நடந்த ஆட்டத்துக்கு ஆயிரக்கணக்கானோர் வரவே இல்லை. பருவச் சீட்டைக் கைவிட்டவர்களின் தொகை கூடக்கூட, 2019–20 பருவத்தின் நடுவில் 10,000 சீட்டுகளை இலவசமாகக் கொடுக்கும் நிலைக்குக் கழகம் வந்தது. அதே காலத்தில் ரசிகர்கள் இன்னொன்றையும் செய்தார்கள். ஆட்டம் தொடங்குமுன் மைதான வாசலில் நின்று, நகரத்தின் உணவு வங்கிக்காகப் பணமும் பொருளும் சேர்த்தார்கள். முதலாளியைத் திட்டுவதோடு நின்றுவிடாமல், கழகத்தின் பெயரால் பசித்தவருக்கு உணவு கொடுத்தது பாராட்டத்தக்கது.

கோடிகளோடு வந்த கேள்வி

2021 ஒக்டோபர் 7ஆம் திகதி, சுமார் 305 மில்லியன் பவுணுக்குக் கழகம் கைமாறியது. எண்பது சதவீதத்தை வாங்கியது சவூதி அரேபியாவின் அரச முதலீட்டு நிதியம். மைதானத்துக்கு வெளியே கொண்டாட்டம் வெடித்தது. தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு அரபியர் போல் ஆடியவர்களும் இருந்தார்கள். இதைத் தவிர்க்கும்படி கழகமே கேட்டுக்கொண்டு, பின்பு சில நாட்களில் அதைத் தளர்த்தியது.

ஆனால் எல்லோரும் ஆடவில்லை. 2018இல் இஸ்தான்பூல் சவூதித் துணைத் தூதரகத்தில் கொல்லப்பட்ட பத்திரிகையாளர் ஜமால் கஷோக்ஜியை மணக்கவிருந்த ஹத்திஜே ஜெங்கிஸ் என்ற பெண், இந்த விற்பனையை நிறுத்துமாறு கேட்டிருந்தார். மனித உரிமை அமைப்புகளும் எதிர்த்தன. ரசிகர்களில் ஒரு சிறு பிரிவினர், தங்கள் கழகம் எந்த அரசின் பெயரையும் வெள்ளையடிக்கும் சுண்ணாம்பாகக் கூடாது என்று சொன்னார்கள். பெரும்பாலான ரசிகர்களோ, பதினான்கு வருடம் வாடினோம், முதலாளியைத் தெரிவு செய்யும் உரிமை எங்களுக்கு எப்போது இருந்தது என்று கேட்டார்கள். இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. முஸ்லிம் நாட்டின் பணம் என்பதற்காக நாம் கேள்வியை விழுங்கவும் வேண்டாம். முஸ்லிம் நாடு என்பதற்காகவே சிலர் செய்த ஏளனத்தை ஏற்கவும் வேண்டாம்.

2025 மார்ச் 16ஆம் திகதி, வெம்ப்ளி மைதானத்தில் லிவர்பூலை 2–1 என வென்று லீக் கிண்ணத்தை நியூகாசில் கைப்பற்றியது. எழுபது வருடங்களுக்குப் பிறகு உள்நாட்டில் ஒரு பெரிய கிண்ணம். பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு, இந்த நாளைக் காணாமல் மறைந்த தந்தையை நினைத்து அழுதவர்கள் பலர்.

இரண்டு வீரர்கள், இரண்டு படிப்பினைகள்

2023இல் இத்தாலியிலிருந்து வந்த சண்ட்ரோ டொனாலி, சில மாதங்களிலேயே பந்தயச் சூதாட்டத்துக்காகப் பத்து மாதத் தடை பெற்றார். சூதுக்கு அடிமையானதை அவர் ஒப்புக்கொண்டு சிகிச்சை பெற்றார். ரசிகர்கள் அவரைத் தூற்றவில்லை. தடை வருமுன் அவர் சொந்த மைதானத்தில் களமிறங்கிய ஆட்டத்தில் எழுந்து கைதட்டி வரவேற்றார்கள். தண்டனை முடிந்து வந்தபோதும் ஏற்றுக்கொண்டார்கள். இதில் ஒரு முரண்பாடு உண்டு. அவர் வருவதற்கு முந்திய ஆறு பருவங்களாக அதே கழகத்தின் சட்டையில் இருந்தது ஒரு பந்தயக் கம்பனியின் பெயர்! சிறுவர் அளவுச் சட்டையில் அப்பெயரை அச்சிட அங்கே அனுமதியில்லை. ஆனால் அதே பிள்ளையின் தந்தை அணியும் சட்டையில் அனுமதி உண்டு. இந்த வெட்கக்கேட்டை உணர்ந்தோ என்னவோ, 2025–26 பருவ முடிவோடு சட்டையின் முன்புறத்தில் சூதாட்ட விளம்பரங்களை நிறுத்த பிரீமியர் லீக் கழகங்கள் 2023இல் உடன்பட்டன.

மற்றவர் அலெக்சாண்டர் இசாக். வெம்ப்ளியில் வெற்றிக் கோல் போட்டவர். சில மாதங்களில், தனக்குத் தந்த வாக்குறுதி மீறப்பட்டது என்று சொல்லி அணிக்காக விளையாட மறுத்தார். ஒப்பந்தம் இன்னும் முடிந்திருக்கவில்லை. 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி 125 மில்லியன் பவுணுக்கு லிவர்பூலுக்குப் போனார். பிரித்தானியாவில் அதுவரை இல்லாத விலை. நோயை ஒப்புக்கொண்டவனை மன்னித்த ரசிகர்களால், முதுகைக் காட்டியவனை மன்னிக்க முடியவில்லை.

நம் வீட்டில் என்ன செய்யலாம்?

சகோதரிகளே, மகனின் ஆசையை முளையிலேயே கிள்ளிவிடச் சொல்லி இதை எழுதவில்லை. தடுத்தால் வெளியில் போய்ப் பார்ப்பான். அவனோடு பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் பேசுங்கள். ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கேள்வி கேட்கலாம்.

சட்டை வேண்டுமென்று கேட்டால், முதுகில் யார் பெயர் என்று அவன் சொல்வான். நெஞ்சில் யார் பெயர் என்று நீங்கள் கேளுங்கள். அந்தக் கம்பனி என்ன தொழில் செய்கிறது என்று அவனையே தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். வட்டியும் சூதும் ஏன் விலக்கப்பட்டன என்பதை ஒரு மணி நேரம் உபதேசிப்பதைவிட, வொங்காவின் கதை அவன் மனதில் தங்கும்.

அவன் விரும்பும் வீரன் தவறு செய்தால், அதை மறைக்கவோ நியாயப்படுத்தவோ விடாதீர்கள். அதேநேரம் வாய்க்கு வந்தபடி ஏசவும் விடாதீர்கள். தவறைத் தவறென்று சொல்வது ஒன்று. ஆளையும் அவன் குடும்பத்தையும் தூற்றுவது இன்னொன்று. தோல்விக்காகச் சாப்பாட்டை ஒதுக்கும் அளவுக்கோ, தொழுகை தப்பும் அளவுக்கோ போனால் மட்டும் கண்டிப்பாக நில்லுங்கள்.

இங்கிலாந்தில் 2025 ஜூலையில் ஒரு புதிய சட்டம் நிறைவேறியது. உதைபந்தாட்டத்துக்குச் சுயாதீனமான ஒழுங்குபடுத்தும் சபை ஒன்றை அது அமைத்தது. கழகத்தை வாங்க வருபவரின் தகுதியை அச்சபை சோதிக்கும். கழகத்தின் சின்னத்தையோ சட்டையின் நிறத்தையோ ரசிகர்களைக் கேளாமல் இனி மாற்ற முடியாது. அணியை விட்டும் போகாமல், அநியாயத்தைக் கண்டு வாயை மூடிக்கொண்டும் இராமல், வருடக்கணக்காகக் குரல் கொடுத்த சாதாரண ரசிகர்களுக்கும் இதில் பங்குண்டு. நியூகாசில்காரர்கள் அவர்களில் முக்கியமானவர்கள்.

நேசிக்கிற ஒன்றை விட்டு ஓடாமல், அதன் பிழையையும் மூடி மறைக்காமல் திருத்த முயல்வது குடும்பத்திலும் ஊரிலும் நமக்குத் தேவையான குணமல்லவா? அதை உங்கள் மகன் உதைபந்தாட்டம் பார்த்துப் படித்துக்கொண்டால் அவன் விழித்திருந்த இரவுகள் வீணாகவில்லை. அடுத்த சனிக்கிழமை கூப்பிட்டும் வராவிட்டால், சாப்பாட்டைத் தட்டில் போட்டுக்கொண்டு நீங்களே அவன் பக்கத்தில் போய் உட்காருங்கள்.